எந்தக் காகிதம் தீர்ப்பு?



பெங்களூரில் நம்மவர்களுக்கு இரண்டு விதமான காகிதங்கள் வருகின்றன. ஒன்று, வக்கீல் பெயர் அச்சிட்ட தாளில் ஆங்கிலத்தில் வரும் நோட்டீஸ். அதைப் பார்த்ததும் "கோர்ட்டு ஆர்டர் வந்துவிட்டது" என்று குடும்பமே கலங்கிப்போய், மறுநாளே சட்டி பானையைக் கட்டுகிறது. இன்னொன்று, கன்னடத்தில் அச்சிட்ட படிவத்தில், வட்ட முத்திரை குத்தி, ஒரு எண்ணும் ஒரு தேதியும் போட்டு வருவது. அதைப் படிக்கத் தெரியாது என்று டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். முதல் காகிதத்துக்கு யாரையும் வீட்டை விட்டு வெளியேற்றும் சக்தி கிடையாது. இரண்டாவது காகிதத்தைக் கவனிக்காமல் விட்டால், சில மாதங்களில் அமீன் வந்து கதவைத் தட்டுவார். அப்போது சங்கத்துக்கு ஓடி வந்து "நாங்கள் கோர்ட்டுக்கே போகவில்லையே, எப்படித் தீர்ப்புச் சொன்னார்கள்?" என்று கேட்பதில் பயன் இல்லை.

எது தீர்ப்பு, எது தீர்ப்பு இல்லை, எது நம்மைக் கட்டும், எது கட்டாது என்ற அறிவு வக்கீல்களுக்கு மட்டும் உரிய சொத்து என்று நினைத்தது போதும். ஸ்ரீராமபுரத்திலும் ஈஜிபுராவிலும் நீலசந்திராவிலும் வாடகைக்கும் லீசுக்கும் குடியிருக்கிறவனுக்கு இந்த அறிவு ரேஷன் கார்டைப் போல அவசியம்.

முதலில் அந்தக் கோர்ட்டு எது என்று பார்ப்போம். ஸ்மால் காஸ் கோர்ட்டு என்பது வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. சின்னத் தொகை, சின்ன வழக்கு, சுருக்கமான விசாரணை, அப்பீல் கிடையாது என்பதுதான் அதன் அமைப்பு. பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணங்களுக்கு 1887-ல் சட்டம் போட்டார்கள். கர்நாடகத்துக்கு இப்போது நடப்பில் இருப்பது 1964-ம் ஆண்டு ஸ்மால் காஸ் கோர்ட்டுச் சட்டம். 'சின்ன வழக்கு' என்ற பெயரைக் கேட்டு யாரும் ஏமாற வேண்டாம். பெங்களூரில் குடியிருப்பவனைக் காலி செய்யச் சொல்லும் வழக்குகள் பெருமளவு இந்தக் கோர்ட்டில்தான் நடக்கின்றன.

ஏன் அப்படி? 1999-ம் ஆண்டு கர்நாடக வாடகைச் சட்டம் 2001 டிசம்பர் கடைசியில் அமலுக்கு வந்தது. இந்த நகரத்தில் மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேல் போனால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்று அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று இந்த ஊரில் 3,500 ரூபாய்க்கு எது கிடைக்கும்? ஒரு அறையும் ஒரு தண்ணீர்க் குழாயும் கிடைத்தால் அதிர்ஷ்டம்! ஆக, தொழிலாளிகளில் பெரும்பாலோரை வாடகைச் சட்டம் கைகழுவிவிட்டது. அவர்களுக்கு மிச்சம் இருப்பது 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம். அதன் 106-வது பிரிவின்படி, மாதாந்திர வாடகைக் குடித்தனத்தை முடித்துக்கொள்ள 15 நாள் நோட்டீஸ் போதும். இதற்கு மாறாக எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அந்த ஒப்பந்தப்படி. நோட்டீஸ் கெடு முடிந்தும் காலி செய்யவில்லையென்றால் வீட்டுக்காரர் வழக்குப் போட வேண்டும். போட்டு, ஜெயித்து, டிக்ரி வாங்கி, அதை நிறைவேற்ற மறுபடி மனுப்போட்டு, அமீனோடு வந்தால்தான் நம்மை வெளியேற்ற முடியும். அதற்கு முன்னால் சாமானைத் தெருவில் எறிந்தாலும், நாம் வேலைக்குப் போயிருக்கும்போது பூட்டு மாற்றினாலும் அது சட்டவிரோதம். வீட்டுக்குச் சொந்தக்காரரே செய்தாலும் சட்டவிரோதம்தான். சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்றப்பட்டவன் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுத் திரும்பக் குடியேறலாம் என்று 1963-ம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீப் சட்டத்தின் 6-வது பிரிவு சொல்கிறது. அந்த வழக்கில் 'வீடு யாருடையது' என்ற கேள்வியே எழாது. நேற்று வரை அங்கே இருந்தவன் யார் என்பதுதான் கேள்வி.

எனவே வக்கீல் நோட்டீஸ் தீர்ப்பு அல்ல. ஆனால் அதைக் கிழித்துப் போடவும் கூடாது. அந்த 15 நாள் எண்ணப்படுவது அந்தக் காகிதத்திலிருந்துதான்.

சரி, கோர்ட்டின் காகிதம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? சம்மன் என்றால் நீதிபதியோ அவர் நியமித்த அதிகாரியோ கையெழுத்திட்டிருக்க வேண்டும்; கோர்ட்டு முத்திரை இருக்க வேண்டும்; கூடவே பிராதின் நகல் இருக்க வேண்டும். வழக்கு எண், கோர்ட்டு ஹால் எண், ஆஜராக வேண்டிய தேதி எல்லாம் இருக்கும். இதில் ஒன்றும் இல்லாமல் யாரோ கொடுத்த தாள் என்றால், கொடுத்தவன் காக்கிச்சட்டை போட்டிருந்தாலும் அது சம்மன் ஆகாது. இப்போது வழக்கு எண்ணை வைத்துக் கைபேசியிலேயே இ-கோர்ட்டுப் பக்கத்தில் பார்த்துவிடலாம். பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் இது ஐந்து நிமிட வேலை.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். ஒரு கோர்ட்டின் தீர்ப்பு செல்லுபடியாக வேண்டும் என்றால், அந்த வகை வழக்கை விசாரிக்கும் அதிகாரம் அந்தக் கோர்ட்டுக்கு இருக்க வேண்டும். எதிர்த்தரப்புக்கு முறையாகத் தகவல் போயிருக்க வேண்டும். நீதிபதி திறந்த கோர்ட்டில் தீர்ப்பை அறிவித்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதில் சண்டை அபூர்வம். முதல் இரண்டில்தான் ஏழையின் வாழ்வும் சாவும் இருக்கிறது.

அதிகாரம் இல்லாத கோர்ட்டு கொடுத்த டிக்ரி வெற்றுத்தாள், அதை எந்த இடத்திலும், நிறைவேற்றும் கட்டத்தில்கூட எதிர்க்கலாம் என்று 1954-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. இந்தத் தீர்ப்பைத் தெருமுனை வக்கீல்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். "கவலைப்படாதே, அந்தக் கோர்ட்டுக்குப் பவரே இல்லை, அமீன் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தைரியம் சொல்வார்கள். அந்தத் தைரியத்தை நம்பி உட்கார்ந்தவர்களுக்காக 1970-ல் வந்த இன்னொரு சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பைச் சொல்கிறோம், கேளுங்கள்.

அகமதாபாத் வழக்கு அது. ஸ்மால் காஸ் கோர்ட்டில் ஒரு நிலத்தின் குத்தகைக்காரர் மேல் காலி செய்யும்படி வழக்கு. மேல்கோர்ட்டுகள் வரை போய், காலி செய்ய வேண்டும் என்று டிக்ரி உறுதியாகிவிட்டது. நிறைவேற்றும் கட்டத்தில்தான் குத்தகைக்காரர் புதிதாக ஒரு வாதத்தை எடுத்தார்: "இது விவசாய நிலம். ஸ்மால் காஸ் கோர்ட்டுக்கு இதை விசாரிக்கவே அதிகாரம் இல்லை. ஆகவே டிக்ரி செல்லாது." சுப்ரீம் கோர்ட்டு ஏற்கவில்லை. டிக்ரியை நிறைவேற்றும் கோர்ட்டு டிக்ரிக்குப் பின்னால் போய் அது சரியா தப்பா என்று ஆராய முடியாது. அதிகாரமின்மை ஆவணத்தின் முகத்திலேயே தெரிந்தால் ஒழிய, சாட்சி விசாரித்துத்தான் தெரியும் என்றால், அந்தக் கேள்வியை அங்கே எழுப்ப முடியாது என்று சொல்லிவிட்டது. நிலம் என்ன வகை என்பதை எப்போது சொல்லியிருக்க வேண்டும்? முதல் கோர்ட்டில், முதல் வாய்தாக்களில். சொல்லவில்லை, போயிற்று.

இன்னும் ஒன்று. தொகை அதிகம், அல்லது ஊர் எல்லை வேறு என்ற வகை ஆட்சேபணைகளை ஆரம்பத்திலேயே எழுப்பாவிட்டால் பிறகு எழுப்ப முடியாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 21-வது பிரிவு சொல்கிறது. ஆகவே 1954-ம் ஆண்டுத் தீர்ப்பு விழித்திருப்பவனுக்குக் கவசம். தூங்குகிறவனுக்கு அது ஒரு பழமொழிக்கு மேல் உதவாது.

ஸ்மால் காஸ் கோர்ட்டுக்கு எது எட்டாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பண வழக்குக்கு உச்சவரம்பு உண்டு. இடத்தின் பட்டத்துரிமை யாருக்கு என்று தீர்மானிக்கும் வழக்கு அதன் வேலை அல்ல. குடித்தனம் முடிந்ததா, நோட்டீஸ் சரியா என்ற அளவில்தான் அது காலி செய்யும் வழக்கைப் பார்க்கும். "நான் வாடகைக்காரனே அல்ல, முப்பது வருஷமாக இது என் இடம்" என்பவன் அதை முதல் பதிலிலேயே எழுத வேண்டும். அரசு நிலத்தில் போட்ட குடிசைக்குத் 'தலைவர்' ஒருவர் வாடகை வசூலித்து, பிறகு தன்னையே வீட்டுக்காரர் என்று கோர்ட்டில் சொல்லிக்கொள்ளும் ஊர் இது. அங்கே வாயை மூடிக்கொண்டிருந்தவன் வாடகைக்காரன் என்றே ஆகிவிடுவான்.

தீர்ப்பின் நீளத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. "இரண்டே வரி எழுதியிருக்கிறார், காரணமே சொல்லவில்லை, இது செல்லாது சார்" என்று அடித்துச் சொல்கிறார்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 20-வது ஆணை, 4-வது விதி என்ன சொல்கிறது? மற்ற கோர்ட்டுகளின் தீர்ப்பில் வழக்கின் சுருக்கம், தீர்மானிக்க வேண்டிய கேள்விகள், முடிவு, அதற்கான காரணம் எல்லாம் இருக்க வேண்டும். ஸ்மால் காஸ் கோர்ட்டின் தீர்ப்பில் கேள்விகளும் முடிவும் இருந்தால் போதும்! கோடீசுவரனின் ஒப்பந்தச் சண்டைக்கு நூறு பக்கம் காரணம் எழுதியாக வேண்டும், கூலிக்காரனின் கூரைக்கு இரண்டு வரி போதும் என்று சட்டமே வகுத்திருக்கிறது. இந்த அநியாயத்தைக் கண்டிக்கிறோம். ஆனால் கண்டிப்பது வேறு, கண்ணை மூடிக்கொள்வது வேறு. இரண்டு வரித் தீர்ப்பும் தீர்ப்புத்தான். அதற்கு வழக்கமான அப்பீல் கிடையாது. கர்நாடகச் சட்டத்தின் 18-வது பிரிவின்படி மறுஆய்வு மனு போடலாம். முடிவு சட்டப்படி இருக்கிறதா என்று பார்ப்பதோடு அது நின்றுவிடும். சாட்சியத்தை ஆதியிலிருந்து மறுபடி எடைபோட்டுத் தர மாட்டார்கள். இதே ஸ்மால் காஸ் நீதிபதிகள் பெங்களூரில் மோட்டார் விபத்து நஷ்டஈட்டு வழக்குகளையும் பார்க்கிறார்கள். விபத்து வழக்கில் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் உண்டு. அதே ஹாலில் விபத்து வழக்கு நடத்திய பக்கத்து வீட்டுக்காரர் "மேலே அப்பீல் போட்டுக்கொள்ளலாம்" என்று சொன்னதைக் காலி செய்யும் வழக்குக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

ஆகவே சண்டை போட வேண்டிய இடம் கீழ்க்கோர்ட்டு, அதுவும் முதல் நாளிலிருந்து. சம்மன் கிடைத்து 30 நாளில் பதில் உரை போட வேண்டும். காரணம் சொன்னால் 90 நாள் வரை. இங்கேதான் நம்மவர்கள் கவிழ்கிறார்கள்.

"கன்னடத்தில் வந்தது, எனக்குக் கன்னடம் தெரியாது, ஆகவே அது செல்லாது" என்று ஒரு வாதத்தை மேடைகளில்கூட நாம் கேட்டிருக்கிறோம். கைதட்டும் வாங்குகிறது. கோர்ட்டின் மொழி எது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை 137-வது பிரிவு மாநில அரசுக்குக் கொடுத்திருக்கிறது. கோலாரிலும் பெங்களூரிலும் கன்னடத்தில் சம்மன் வருவது, மதுரையில் தமிழில் சம்மன் வருவது போலத்தான். மதுரையில் குடியிருக்கும் ஒரு சௌராஷ்டிரக்காரரோ தெலுங்குக்காரரோ "தமிழ்ச் சம்மன் செல்லாது" என்றால் நாம் ஏற்போமா? மொழி புரியவில்லை என்பது உதவி கேட்பதற்குக் காரணம். கோர்ட்டுக்குப் போகாமல் இருப்பதற்கு அது காரணம் ஆகாது. சாட்சிக் கூண்டில் ஏறித் தமிழில் பேசலாம். சொன்னதை வேறு மொழியில் எழுதினால், அதைச் சாட்சிக்குப் புரியும் மொழியில் படித்துக்காட்ட வேண்டும் என்று 18-வது ஆணையின் 6-வது விதி இருக்கிறது. எத்தனை பேர் அதைக் கேட்கிறோம்? தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம்.

1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் இந்த ஊரில் தமிழர் வீடுகள் தாக்கப்பட்டதையும், இரவோடு இரவாக ரயிலேறியதையும் பார்த்த தலைமுறைக்கு, அரசாங்க முத்திரை போட்ட எந்தக் கன்னடக் காகிதமும் நடுக்கத்தைத் தரும். அந்த நடுக்கம் நமக்குப் புரிகிறது. ஆனால் அதைச் சொல்லி இன்னொரு தலைமுறையையும் கோர்ட்டு வாசலுக்குப் போகவிடாமல் வைத்திருப்பது தலைமைக்கு அழகல்ல.

இன்னொரு கெட்டிக்காரத்தனம், சம்மனை வாங்க மறுப்பது. வீட்டுக்காரர் மேல் உள்ள கோபத்தைச் சம்மன் கொண்டுவரும் ஆளிடம் காட்டுகிறார்கள். மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம். பதிவுத் தபாலில் வந்ததை "வாங்க மறுத்தார்" என்று தபால்காரர் எழுதினால், முறையாகச் சேர்ந்ததாகவே கோர்ட்டு எடுத்துக்கொள்ளலாம். நாம் இல்லாதபோது வீட்டில் உள்ள வயதுவந்த ஆணோ பெண்ணோ வாங்கினாலும் அது நம்மிடம் சேர்ந்ததுதான். பிறகு வாய்தா நாளில் மூன்று முறை பெயரைக் கூப்பிடுவார்கள். யாரும் இல்லை என்றால் எக்ஸ்பார்ட்டி. எதிரி சொன்னது ஒன்றே சாட்சியம்.

அந்த ஒருதலைத் தீர்ப்பும் முழுத் தீர்ப்புத்தான். அதை ரத்து செய்யக் கோரலாம்: டிக்ரி தேதியிலிருந்து 30 நாள். சம்மன் உண்மையிலேயே முறையாகச் சேரவில்லை என்றால், நமக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். ஆனால் சம்மன் கொடுத்த முறையில் சிறு கோளாறு இருந்தது என்பது மட்டும் போதாது. வழக்கின் தேதி நமக்குத் தெரிந்திருந்தது, வந்து பதில் சொல்ல அவகாசமும் இருந்தது என்று கோர்ட்டு கண்டால், ரத்து கிடையாது. "தெரியும், ஆனால் சரியான ஆளிடம் கொடுக்கவில்லை" என்ற வாதம் அங்கே எடுபடாது.

1887-ம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் 17-வது பிரிவின்படி, ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்பவன், மனுவோடு சேர்த்தே டிக்ரித் தொகையைக் கட்ட வேண்டும்; அல்லது முன்கூட்டியே கோர்ட்டிடம் அனுமதி கேட்டு ஜாமீன் கொடுக்க வேண்டும். இது கட்டாயம், இல்லாவிட்டால் மனு தள்ளுபடி என்று உத்தரப் பிரதேச வழக்கொன்றில் 2002-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. கடன் பாக்கி என்று வழக்கு வந்தவனிடம் பணம் இருந்தால் அவன் ஏன் கோர்ட்டுக்கு வருகிறான்? "என் பக்கத்தைக் கேளுங்கள்" என்று சொல்வதற்கே நுழைவுக் கட்டணமா? வெள்ளைக்காரன் லேவாதேவிக்காரனுக்காக எழுதிய வரி, குடியரசு வந்து முக்கால் நூற்றாண்டு கடந்தும் அந்தச் சட்டம் நடக்கும் மாநிலங்களில் அப்படியே நிற்கிறது. ஊரில் கடன் வழக்கு உள்ளவர்கள், பெங்களூரில் இருக்கிறோம் என்று அலட்சியமாக இருக்க வேண்டாம்.

இப்போது கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோர்ட்டு வேண்டாம், வருஷக்கணக்கில் இழுக்கும், நாமே பேசித் தீர்த்துவிடலாம் என்று நம் வட்டாரங்களில் சில 'பெரிய மனிதர்கள்' நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சங்கத்தின் பெயர்ப் பலகைக்குக் கீழேயும் உட்காருகிறார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறோம். இரு தரப்பிடமும் காசு வாங்கிக்கொண்டு, பத்திரத் தாளில் நாலு வரி எழுதி, கைநாட்டு வாங்கி, "இதுதான் தீர்ப்பு" என்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்து முச்சலிக்கா எழுதி வாங்குவதும் இதே ஜாதிதான். வாடகைப் பாக்கியையும் கைமாற்றுக் கடனையும் தீர்த்து வைக்கும் அதிகாரத்தைப் போலீசுக்கு எந்தச் சட்டமும் கொடுக்கவில்லை.

அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லை என்று நாம் சொல்லவில்லை. விருப்பத்தோடு எழுதியிருந்தால் அது ஓர் ஒப்பந்தம். மிரட்டி வாங்கியிருந்தால், பாதிக்கப்பட்டவன் அதை ரத்து செய்யக் கோரலாம். எப்படி இருந்தாலும் அது டிக்ரி அல்ல. அதைக் காட்டி அமீனை அனுப்ப முடியாது, சாமானை ஜப்தி செய்ய முடியாது, சம்பளத்தைப் பிடிக்க முடியாது. அதை வைத்து வழக்குப் போட்டுத்தான் டிக்ரி வாங்க வேண்டும். நம் பெண்கள் எத்தனை பேர் அந்தத் தாளைக் கோர்ட்டு ஆணை என்று நம்பிச் சீட்டுப் பணத்தை இரண்டு தரம் கட்டியிருக்கிறார்கள்!

பேசித் தீர்ப்பதுதான் நோக்கம் என்றால் அதற்கும் சட்டப்படி வழி இருக்கிறது. 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி லோக் அதாலத் உண்டு. அங்கே இரு தரப்பும் சம்மதித்து எழுதும் முடிவு, 21-வது பிரிவின்படி சிவில் கோர்ட்டின் டிக்ரிக்குச் சமம். அப்பீல் கிடையாது. கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் சம்மதம் இல்லாமல் லோக் அதாலத் தானாக ஒரு தொகையை நிர்ணயித்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று பஞ்சாப் வழக்கொன்றில் 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே அங்கே போய் உட்கார்ந்தவர், புரியாமல் தலையாட்டினால் மாட்டிக்கொள்வார். "ஒப்புக்கொள்ளவில்லை" என்று எழுந்து வந்தால் வழக்கு பழைய இடத்துக்கே போகும். ஒரு நஷ்டமும் இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வரி விடாமல் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். போட்ட பிறகு உலகத்தில் எந்த வக்கீலாலும் அதை அவிழ்ப்பது கஷ்டம்.

டிக்ரி வந்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று தூக்கு மாட்டிக்கொள்ள ஓடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பண டிக்ரியை வைத்து எதை வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போக முடியாது. 60-வது பிரிவு ஒரு வேலி போட்டிருக்கிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை — அதாவது தாலி — இவற்றைத் தொடக் கூடாது. கைவினைஞனின் கருவிகளை, அதாவது தச்சனின் உளியையும் கொத்தனின் கரண்டியையும் தையல்காரரின் மெஷினையும், தொடக் கூடாது. கூலித் தொழிலாளியின், வீட்டு வேலைக்காரரின் கூலியைப் பிடிக்கக் கூடாது. சம்பளம் என்றால் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தப்பும். பொழுது சாய்ந்து விடியும் வரை குடியிருக்கும் வீட்டுக்குள் ஜப்திக்காக நுழையக் கூடாது. பண டிக்ரிக்காகப் பெண்ணைக் கைது செய்யவே கூடாது. ஆணையும், பணம் இல்லை என்பதற்காகச் சிறையில் போட முடியாது. கொடுக்க வசதி இருந்தும் ஏமாற்றுகிறான் என்று காட்டினால்தான் முடியும் என்று 1980-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு இருக்கிறது. பாலக்காட்டில் பிறந்த மனிதர் அவர். வறுமை குற்றமல்ல என்ற கருத்தைச் சட்டத்தின் வாயால் சொல்ல வைத்தார்.

இதெல்லாம் பண டிக்ரிக்கு. வீட்டைக் காலி செய்யும் டிக்ரிக்கு இந்த வேலி உதவாது. அங்கே அமீன் சாவியைத்தான் கேட்பார்.

நாமே வாதியாக நிற்கும் வழக்குகளும் இருக்கின்றன. பெங்களூரில் லீசு என்று சொல்லி ஒருவர் ஊரில் நகையை விற்று லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுத்துக் குடியேறுகிறார். காலம் முடிந்ததும் "பணம் இல்லை, இருந்துகொள்" என்கிறார் வீட்டுக்காரர். அல்லது வீட்டையே பாங்கி ஏலம் விடுகிறது. அப்போது டிக்ரி வாங்க வேண்டியவர் நாம். பணத்துக்கு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டுக் கெடு. தவறவிட்டால் நியாயம் நம் பக்கம் இருந்தும் பயன் இல்லை. டிக்ரி வாங்கிய பிறகு அதை நிறைவேற்றப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம். ஜெயித்தவுடன் பணம் தானாக வந்துவிடும் என்று டிக்ரி நகலைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவர்களும் உண்டு. நிறைவேற்று மனு தனியாகப் போட வேண்டும். வீட்டுக்காரரின் அசையாச் சொத்தை விற்றுப் பணம் எடுக்க வேண்டும் என்றால், ஸ்மால் காஸ் கோர்ட்டு அதைச் செய்ய முடியாது. டிக்ரியை அதற்கு அதிகாரமுள்ள சிவில் கோர்ட்டுக்கு மாற்றி வாங்க வேண்டும். இதைச் சொல்லாமல் பீஸ் வாங்குகிற வக்கீல்களை நாம் கேள்வி கேட்கத் தயங்கக் கூடாது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பார்கள். அதே 1987-ம் ஆண்டுச் சட்டத்தின் 12-வது பிரிவைப் படியுங்கள். பெண்கள் எல்லாருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் உண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், தொழிற்சாலைத் தொழிலாளி ஆகியோருக்கு உண்டு. கலவரத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டு உண்டு. எந்த ஊரில் பிறந்தாய், என்ன மொழி பேசுகிறாய் என்ற கேள்வி அந்தப் பிரிவில் எங்கும் இல்லை.

அலசூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 1991 முதல் 2009 வரை பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்தது. அதைத் திறக்க வேண்டும் என்று இந்த நகரத்துத் தமிழர்கள் எத்தனை தீர்மானம் போட்டோம், எத்தனை தூதுக்குழு அனுப்பினோம்! அதில் ஒரு பங்கு முயற்சியை, வாரம் ஒரு நாள் மாலை ஒரு மேசை போட்டுக் கன்னடமும் தமிழும் படிக்கத் தெரிந்த ஒருவரை உட்கார வைப்பதில் காட்டினால் என்ன? வருகிறவர் காகிதத்தை நீட்டட்டும். இது நோட்டீசா, சம்மனா, டிக்ரியா, வெறும் பயமுறுத்தலா, எந்தத் தேதிக்குள் எங்கே போக வேண்டும் என்று சொல்லி அனுப்பட்டும். நாற்காலி போட்டுப் பஞ்சாயத்துச் செய்கிறவர்கள் அந்த நாற்காலியை இந்த மேசைக்குத் தந்துவிட்டு எழுந்து போகட்டும்.

இந்தத் தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவில் கொண்டுவரப் போகிறோம். எதிர்க்கிறவர்கள் மேடையேறிக் காரணம் சொல்லட்டும். அதுவரை, வீட்டில் டிரங்குப் பெட்டியைத் திறந்து, முத்திரை போட்ட காகிதம் ஏதாவது கிடக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள். தேதியைப் பாருங்கள்.